ஊசிக்குப் பிறகு சோறு

அம்மா மயங்கி விழுந்தபோது அடுப்பில் பாகற்காய் வெந்துகொண்டிருந்ததாம். சரஸ்வதிபுரத்தில் அவள் சமைக்கிற வீட்டு அன்னபூர்ணி ஆன்ட்டிதான் எனக்கு போன் செய்தார். வேலையைப் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து ஓடினேன்.

சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சேலை வேர்வையில் நனைந்திருந்தது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள், உதட்டோரம் பிசுபிசுத்தது. என்னைப் பார்த்து, "வந்துட்டியா கண்ணு" என்றாள். அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"இந்த ஊசியெல்லாம் பேடா, வேண்டாம்னு சொன்னேன், கேக்கலை," என்றார் ஆன்ட்டி, கன்னடம் கலந்த தமிழில். "எனக்கும்தான் சுகர் இருந்துச்சு. குக்கரஹள்ளி கெரேல டெய்லி வாக்கிங், ராத்திரி சாமை உப்புமா. டாக்டரே மாத்திரையை நிறுத்திட்டார். மனசு வெச்சா முடியும், மோகனா."

மனசாம். அவருடைய உப்புமாவைக் கிண்டியது யார்? அவர் ஏரியைச் சுற்றிவந்த நேரத்தில் இந்த அடுப்படியில் நின்றது யார்? அவர் ஒதுக்கிய வெள்ளைச் சோறும், பண்டிகைக்கு வந்த இனிப்பு டப்பாக்களும் "பாவம், எடுத்துட்டுப் போ" என்று அம்மாவின் பையில்தானே ஏறின! அவருக்குச் சர்க்கரை நடந்தே இறங்கியது. அம்மாவுக்கு மாத்திரைக்கும் அடங்கவில்லை. அதனால்தான் ஆஸ்பத்திரியில் மூன்று வேளையும் இன்சுலின் ஊசி எழுதினார்கள். ஊசியை விட்டால் கண்ணும் கிட்னியும் போகும். ஊசி போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் இந்தத் தரையிலேயே போய்விடுவாள்.

"ஊசி எப்பம்மா போட்டே?"

"பன்னண்டரைக்கு."

மணி இரண்டைத் தாண்டியிருந்தது.

"அரை மணியில சாப்பிடணும்னு சொன்னாங்கல்ல?"

"விருந்தாளுங்க வந்து சேரவே நேரமாயிருச்சு கண்ணு. அவிய சாப்புடாம நா எப்பிடிச் சாப்புடறது?"

"சாப்பிடாதேன்னு நான் சொல்லலையே!" என்றார் ஆன்ட்டி.

"சாப்பிடுன்னும் சொல்லலையே."

அவர் முகம் சிவந்தது. "ஒரு டிகிரி வாங்கிட்டா எதிர்ல நின்னு பேசறதா?"

"எங்க வம்சத்துக்கே அந்த ஒரு டிகிரிதான் ஆன்ட்டி. இதுக்கும் உதவலைன்னா வேற எதுக்கு?"

அம்மா என் துப்பட்டாவை இழுத்தாள். "வாய மூடு. வேல போயிரும்."

ஜன்னலோரம் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த அவளுடைய தட்டை எடுத்தேன். கொஞ்சம் சோறு, நிறையப் பாகற்காய், மேலே சாம்பார். அவள் முன்னால் வைத்தேன். அம்மா தட்டைப் பார்க்கவில்லை. ஆன்ட்டியின் முகத்தைப் பார்த்தாள்.

"சாப்பிடு லிங்கம்மா," என்று சொல்லிவிட்டு ஆன்ட்டி வெளியே போனார்.

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு முதல் கவளத்தை எடுத்தாள். கூடத்திலிருந்து ஒரு விருந்தாளியின் குரல் கேட்டது: "என்ன அன்னபூர்ணி, பசிக்குது, ஊட்டா ரெடியா?"

அம்மாவின் கை பாதியில் நின்றது.

நான் சமையலறைக் கதவைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து நின்றேன்.

"நீ சாப்பிடும்மா."