மைனஸ் இருபத்திரண்டில் ஒரு படம்

"பெட்டரி செத்துப் போச்சு மாமி!"

நோர்வேயில் இருந்து அப்ராஸ் போட்ட கூச்சல் நிந்தவூர் வீட்டுக் கட்டிலில் கிடந்த முனவ்வறாவின் காதில் நேராகப் போய் விழுந்தது. போனைப் பிடித்திருந்த தங்கை சுஹறாவுக்கு எரிச்சல் வந்தது. மௌத்துக்குக் காத்திருக்கிற மாமியாரிடம், செத்துப் போச்சு என்பதை விட்டால் வேறு சொல்லே கிடைக்கவில்லையா இந்த மருமகனுக்கு? ராத்தாவோ சிரித்தாள்.

முனவ்வறா இருபது வருடமாகக் கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுத்தவள். ஆண் கெமராக்காரன் எட்டிப் பார்க்க முடியாத அறைகள் அவளுக்கு மட்டும் திறக்கும். நாலு நாளுக்கு முன் டொக்டர், இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். நேற்று இரவு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மகள் இன்ஷிரா எட்டு மாத வயிற்றோடு பனிக்குள் நிற்கிற படம். அந்த வயிற்றோடு அவளைப் பிளேனில் ஏற்றமாட்டார்கள். போனில் எடுத்த படமும் ஆகாதாம், அதில் முகமெல்லாம் மாப் பூசினது போல் வருமாம். மகளின் கல்யாணத்துக்குத் தான் கொடுத்த கெமராவால்தான் எடுக்க வேண்டும்.

பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு ராத்தாவின் மூச்சு கட்டையாகிக்கொண்டு வந்தது. படம் வருவதற்குள் ஏதும் ஆகிவிடுமோ என்று சுஹறா பயந்தாள்.

"பெட்டரிய எங்க மகன் வெச்ச?" என்று முனவ்வறா கேட்டாள்.

"நீங்க சொன்ன மாதிரித்தான் மாமி. குளிரா இரிக்கட்டும் எண்டு ராவு முழுக்க பல்கனியில வெச்சேன்."

சுஹறாவுக்கு விளங்கிவிட்டது. இந்த வெக்கையில் பெட்டரி கெட்டுப்போகும் என்று ராத்தா அதை ஃப்ரிஜ்ஜில், மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைப்பாள். அதையேதான் மருமகனுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அங்கே மைனஸ் இருபத்திரண்டு. நாடே ஃப்ரிஜ்ஜாகக் கிடக்கும்போது பல்கனியில் வைத்தானாம் மனுசன்.

முனவ்வறா குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பு இருமலானது. சுஹறா அவளை நிமிர்த்திப் பிடித்து நெஞ்சைத் தடவினாள்.

"சிரிக்காத ராத்தா, மூச்சு முட்டுது."

"மாமிட சொல்லத் தட்டாத மருமகன்கா. ஊருல ஆருக்குக் கிடைச்சிரிக்கி?"

அங்கே இன்ஷிரா போனை வாங்கினாள். "சாச்சி, பக்கத்து வீட்டு மனுசன் சொல்றாரு, கக்கத்துக்குள்ள வெச்சா உசிர் வருமாம். இவர் வெச்சிக்கிட்டு குதிக்கிறாரு. கால் மணித்தியாலம் பொறுங்க."

அந்தக் கால் மணித்தியாலம் சுஹறாவுக்கு ஒரு பகலாக நீண்டது. யாசீன் ஓதிக்கொண்டே ராத்தாவின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்திருந்தாள். பள்ளியில் பின்னேரத்து அஸர் தொழுகைக்கு வாங்கு சொல்லி முடியவும் படம் வந்தது.

முனவ்வறா கண்ணைச் சுருக்கினாள்.

"பனி சாம்பலாக் கிடக்கு. வெள்ளைச் சாரிக் கல்யாணப் பொண்ணுக்கும் கெமரா இப்பிடித்தான் ஏமாறும். வெளிச்சத்த ஒரு படி கூட்டி எடுக்கச் சொல்லு."

சாகக் கிடக்கிறவள் பேசுகிற பேச்சா இது? சுஹறாவுக்குச் சந்தோஷம் பொங்கியது. இந்த நேரத்தில் சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த படத்தில் பனி வெள்ளையாக இருந்தது. நடுவில் இன்ஷிரா, பொத்தான் எட்டாத சிவப்புக் கோட்டோடு வாய் திறந்து சிரித்தபடி நின்றாள். ஆனால் முகம் லேசாகக் கலங்கியிருந்தது.

"முகத்துல போக்கஸ் இல்லயே ராத்தா," என்றாள் சுஹறா கவலையோடு. "இன்னொரு தரம் எடுக்கச் சொல்லட்டா?"

முனவ்வறா படத்தைப் பெரிதாக்கச் சொன்னாள். கோட்டின் நூல்கூடத் தெரிந்தது. கெமரா வயிற்றைத்தான் பிடித்திருந்தது.

"இரிக்கட்டும்கா," என்றாள். "சரியான ஆளத்தான் புடிச்சிரிக்கான்."

வெகுநேரம் போனை அவள் கண்ணுக்கு முன்னால் பிடித்திருந்ததில் சுஹறாவின் கை கடுத்தது. பொழுது சாய, மஃரிபுக்குக் கொஞ்சம் முன் ராத்தாவின் மூச்சு அடங்கியது.

சாம்பிராணி வாசமும் பெண்களுமாக வீடு நிறைந்தது. சுஹறா பின்பக்கம் போய் நோர்வேக்குப் போன் எடுத்தாள். சொன்னாள். அங்கே இன்ஷிரா அழுது முடியும்வரை காத்திருந்தாள்.

"உம்மா கலிமா சொன்னாவா சாச்சி?"

"சொன்னா மகள். நான் சொல்லக் கூடவே சொன்னா. முகம் நல்லா இரிந்திச்சு."

"அதுக்கு முன்ன என்னப் பத்தியும் கதைச்சாவா?"

சுஹறா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். தன் பேச்சையே ராத்தாவின் பேச்சாக்கிச் சொன்னாள்.

"'படம் நல்லாரிக்கி, இன்னொண்டு எடுக்கச் சொல்லு' எண்டா."

மறுபக்கம் ஒரு கதவு திறந்தது. "மெல்ல வா, வழுக்கும்," என்றான் அப்ராஸ். பனியில் இரண்டு பேர் நடக்கும் சத்தம் நறுக்நறுக்கென்று கேட்டு, நின்றது.

"கண்ணத் தொடச்சிட்டு நில்லு."

சுஹறா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கெமரா ஒரு தரம் சொடுக்கியது.