சாரத்துக்கு மேலே

1

இந்தக் கதை என் தம்பி நெவியோவுடையது. எழுதட்டுமா என்று கேட்டபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டான்: "என்னை நல்லவனா மட்டும் எழுதிடாதேக்கா."

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஓவியம் பார்க்க அக்காவும் தம்பியும் ஃபெராராவிலிருந்து புறப்பட்டபோது போ என்னும் ஆற்றின்மேல் மூடுபனி...'

அடித்துவிட்டேன். மூடுபனி உண்மை. ஓவியம் பார்க்க என்பதுதான் பொய். அன்று எனக்கு அது தெரியாது.

2

நெவியோ குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவன். மனைவியை இழந்தவன். ஓவியத்துக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. திடீரென்று ஒரு நாள், "சுவத்துச் சித்திரம்னா உயிரை விடுவியே, கிளம்பு. வண்டியை நான் ஓட்டறேன்" என்றான். காரணம் கேட்காமல் பெட்டியைக் கட்டினேன்.

பதுவாவில், சித்திரம் தீட்டிய ஒரு தேவாலயத்தின் நீலக் கூரைக்குக் கீழே கழுத்து வலிக்க நின்றுவிட்டு வெளியே வந்தால், இவன் எப்போதோ வந்து வண்டிச் சாவியைக் குலுக்கிக்கொண்டிருக்கிறான்.

"என்னத்தைடா பாத்தே?"

"நீலமா இருந்துச்சு."

[இந்த இடத்தில் அவனை ரசனையில்லாத முரடனாக்கி உங்களைச் சிரிக்கவைக்கலாம். ஒரு பத்தி எழுதியும் பார்த்தேன். சிரிப்பு வந்தது, ஆள் வரவில்லை.]

எந்த ஊரிலும் அவன் கால் தரிக்கவில்லை. உள்ளே நுழைவான். பழுதுபார்ப்புக்காகச் சாரம் கட்டியிருந்தால் அதன் திரையை விலக்கி எட்டிப் பார்ப்பான். காவலாளியிடம் திட்டு வாங்குவான். நின்றபடியே ஒரு காப்பி, மறுபடி வண்டி. எனக்கோ ஒவ்வொரு சுவரையும் பாதியில் விட்டுவந்த எரிச்சல்.

3

அரெத்ஸோவில் மட்டும் ஒரு சித்திரத்தின் முன்னால் நின்றான். கூடாரத்துக்குள் பேரரசன் உறங்குகிறான். கட்டிலோரம் பணியாள் ஒருவன் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறான்.

"ராத்திரி டியூட்டி, பாவம்" என்றான் நெவியோ. பிறகு, "இதையெல்லாம் யாருக்கா சுத்தம் பண்ணுவாங்க?"

"அதுக்குன்னு படிச்சவங்க இருக்காங்கடா."

"ஒர்னெல்லா மாதிரி."

மனைவியை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு, தன் மகளின் பெயரை அவன் வாய் அன்றுதான் உச்சரித்தது. அந்த நாளைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒர்னெல்லா சிசிலியில் ஒரு தேவாலயத்துச் சுவர்ச் சித்திரங்களைச் சீர்செய்யும் வேலையில் இருந்தாள். அம்மாவின் மூச்சு நின்ற பிறகுதான் வந்து சேர்ந்தாள். கல்லறை வாசலில் எல்லார் முன்னாலும் நெவியோ சொன்னான்: "செவுத்துல இருக்கிற பொம்பளைங்களுக்கு வைத்தியம் பாத்துட்டு வர்றியா? பெத்தவளைப் பாக்க நேரமில்ல, இல்ல?"

(இந்த வரியைப் பலமுறை மென்மையாக்கிப் பார்த்தேன். அவன் மென்மையாகச் சொல்லவில்லை.)

அவள் அப்படியே திரும்பிப் போனாள். தொலைபேசி எண்ணையும் மாற்றிக்கொண்டாள்.

"இப்ப உம்ப்ரியாவுல இருக்கா. ஊர் தெரியும், கோயிலும் தெரியும்" என்றான்.

"அப்புறம் எதுக்குடா பதுவா, பொலோஞ்ஞான்னு என்னை இழுத்தடிச்சே?"

"நேரா போகப் பயமா இருந்துச்சுக்கா."

4

அந்த மலையூரின் பெயரை எழுதமாட்டேன். அவள் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள்.

பக்கச் சுவரோரம் சாரம். மேலே திரைக்குள் விளக்கு எரிந்தது, வானொலி பாடிக்கொண்டிருந்தது. நெவியோ தொண்டையைச் செருமினான்.

"யாரு?" என்றது மேலிருந்து ஒரு குரல்.

"நான்தான்."

வானொலி நின்றது.

இந்த இடத்துக்கு இரண்டு முடிவுகள் எழுதிவைத்திருந்தேன். ஒன்றில், அவள் இறங்கி ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொள்கிறாள். மற்றொன்றில் விளக்கு அணைகிறது. இரண்டும் நடக்கவில்லை. நடந்தது இது:

"நான் இறங்க முடியாது, சுண்ணாம்பு காஞ்சிடும். வர்றதுன்னா நீங்க மேல வாங்க."

நெவியோ என்னைப் பார்த்தான். கோட்டைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு, ஏணியைப் பிடித்து ஏறினான். திரை விலகியது, மூடியது. நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு சொல்லும் கேட்கவில்லை.

5

கோயில் காவலாளி செலெஸ்தீனோ சாவியோடு வந்தார். மதியம் சாத்தும் வேளை.

"மேல அந்தப் பொண்ணு மட்டும்தானே சின்யோரா? அவ வெளியே வரமாட்டா, அங்கேயே ரொட்டி தின்னுக்குவா. வேற யாரும் இல்லையே?"

"யாரும் இல்ல" என்றேன்.

நாங்கள் வெளியே வந்ததும் கதவைப் பூட்டினார்.

எதிரே இருந்த உணவுக்கடையில் பருப்பு சூப் சொன்னேன். பக்கத்து மேசையில் அவரே வந்து உட்கார்ந்தார். நான் காகிதக் கைத்துடைப்பானில் எழுதிப் பார்த்தேன்: '"அப்பா" என்று அவள்...' கிழித்தேன். '"மகளே, நான் அன்று...' அதையும் கிழித்தேன். அந்தத் திரைக்குள் என் பேனா ஏற மறுத்தது.

செலெஸ்தீனோ என் மடியிலிருந்த ஆண்பிள்ளைக் கோட்டைக் கவனித்துவிட்டார்.

"உங்ககூட ஒருத்தர் வந்தாரே?"

"நடக்கப் போயிருக்கார்."

"இந்தக் குளிர்ல, கோட்டு இல்லாமயா?"

நான் சூப்பைக் கலக்கினேன். அவர் கோயில் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். தன் கிண்ணத்தில் கொஞ்சம் மது ஊற்றிக்கொண்டார்.

"அந்தப் பொண்ணுக்கு அவர் யாரு?"

"அப்பா."

"சண்டையா?"

"ரொம்ப நாளா."

அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "அப்ப இன்னிக்குக் கொஞ்சம் மெதுவாவே திறப்போம். எனக்கும் முட்டி வலிக்குது."

அவர் எழுந்திருக்கும்வரை நேரம் உங்களுடையது, வாசகரே. உள்ளே இரண்டு பேர் இருக்கிறார்கள்; ஈரச் சுண்ணாம்பு காய்ந்துகொண்டிருக்கிறது. முதலில் யார் வாய் திறப்பது என்பதை நான் எழுதப்போவதில்லை.