கவ்வாத்துக் குச்சி

நவரட்ணராஜா சேரின் காரில் பொனட்டைத் திறக்கத் தெரிந்தவர்கள் இந்த உலகத்திலேயே இருபத்தைந்து பேர்தான். சேர் ஒருவர், அவரிடம் மோட்டார் வாகனப் பொறியியல் படித்த நாங்கள் இருபத்துநான்கு பேர். கொக்கி பழையது. முதலில் இடது மூலையை உள்ளங்கையால் அமுக்க வேண்டும், அமுக்கியபடியே விசையை இழுக்க வேண்டும், பிறகுதான் தூக்க வேண்டும். தெரியாதவன் நாள் முழுக்க மல்லுக்கட்டினாலும் அது அசையாது. எண்பத்து மூன்றாம் ஆண்டு ஓகஸ்ட் முதல் வாரத்தில், ஊரடங்கை எடுத்திருந்த ஒரு காலையில் நான் அந்தக் காருக்கு முன்னால் போய் நின்றபோது, பொனட் திறந்து கிடந்தது. கொக்கியில் ஒரு கீறல்கூட இல்லை.

காருக்குப் பின்னால் சேரின் வீடு இருந்த இடத்தில் நான்கு சுவர்கள் நின்றன. கூரை உள்ளே விழுந்து கிடந்தது. எட்டு நாளாகியும் எரிந்த நெல்லின் வாசம் போகவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மூட்டையாக இருக்கும். யாராவது பார்க்கிறார்களா என்று வீதியை இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் நான் காருக்குள் தலையை நீட்டினேன். பயம்தான். இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

என்னைச் சேர்தான் அனுப்பியிருந்தார். நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தை அகதி முகாமாக்கி, வீடிழந்த தமிழரையெல்லாம் அங்கே வைத்திருந்தார்கள். சேரும் அவருடைய மனைவி தவமணியும் மூன்றாம் வகுப்பறையில், பிள்ளைகள் உட்காரும் சின்ன வாங்கில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு ஸக்கியா மதிலுக்கு மேலால் இழுத்தெடுத்துத் தன் குசினிக்குள், அடுப்படியில் ஒளித்திராவிட்டால் இரண்டு பேரும் வீட்டைக் கொளுத்த வந்த அன்றைக்கே முடிந்திருப்பார்கள். மனைவி அதன் பிறகு வாயே திறக்கவில்லை என்றார் சேர். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் யாழ்ப்பாணம் அனுப்பப்போகிறார்களாம். போவதற்கு முன் கார் எப்படி நிற்கிறது என்று மட்டும் பார்த்து வந்து சொல்லச் சொன்னார். வீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அப்போதே அது விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும், படவில்லை.

நான் ஹந்தானைத் தோட்டத்து லயத்துப் பிள்ளை; தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தவன். அப்பா கறுப்பையாவுக்குக் கவ்வாத்து வேலை. தேயிலைச் செடியை இடுப்பளவில் வெட்டிக் குறைப்பது. அம்மா அங்கம்மா கொழுந்தெடுக்கிறாள். எங்கள் லயத்தில் தொழில்நுட்பக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். பாடம் எல்லாம் சிங்களத்தில். வாத்தியார் தமிழர் என்றாலும் சட்டம் சட்டம்தான். சேர் சிங்களத்தில் சொல்ல, நான் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வேன். சான்றிதழோடு வந்தால் வேலை தருவதாகக் கட்டுகஸ்தோட்டையில் கராஜ் வைத்திருக்கும் மஹ்மூத் நானா சொல்லியிருந்தார். அந்த ஒரு தாளை நம்பித்தான் அம்மா நான்கு வருடமாக அட்டைக்கடியோடு மலையேறிக்கொண்டிருந்தாள்.

வேலைத்தளத்தில் எல்லோரும் இரண்டு இரண்டு பேராக. எனக்கு ஜோடி பிலிமத்தலாவைத் திலகசிறி. கெட்டிக்காரன், சிரித்த முகம், என்னுடைய சிங்களத்தைப் பார்த்து ஒருநாளும் சிரிக்காதவன். வகுப்பு முடிந்த பிறகு தன் குறிப்பை எனக்கு மெதுவாக வாசித்துக் காட்டுவான். அவனுடைய பலாக்கொட்டைக் கறியை நான் தின்றிருக்கிறேன், என்னுடைய ரொட்டியை அவன் தின்றிருக்கிறான். இதையெல்லாம் இப்போது எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் நடந்தது நடந்ததுதானே.

சேர் எங்களுக்குப் போட்ட கட்டளைகள் இரண்டு. கழற்றிய நட்டை அங்கே இங்கே வைக்காதே, இருந்த இடத்திலேயே விரலால் திருகி மாட்டிவிடு, தொலையாது. திறந்த குழாயைத் திறந்தபடி விடாதே, அடைத்துவிடு, தூசி போகாது. மற்றவர்கள் குழாயைச் சீலைத்துணியால் அடைப்பார்கள், நூல் உள்ளே போய்க் காபரேட்டரில் சிக்கும், சேர் கத்துவார். ஒருநாள் நான் அப்பா வெட்டிப்போட்ட கவ்வாத்துக் குச்சியில் ஒன்றைக் கொண்டுபோய், பென்சில் மாதிரிச் சீவி, குழாயில் செருகி அரைத் திருகு திருகினேன். தேயிலைக் கட்டை இரும்பு மாதிரி; பிசிறு விடாது. சேர் அதை எடுத்துப் பார்த்து, மறுபடி செருகிப் பார்த்து, என் முதுகில் தட்டினார். பையன்கள் தோட்டத்து வைத்தியம் என்று கேலி செய்து சீலைத்துணிக்கே திரும்பிப் போனார்கள். திலகசிறி மட்டும் சீவக் கற்றுக்கொண்டான். அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு குச்சி கொண்டுபோவேன். ஒன்று எனக்கு, ஒன்று அவனுக்கு.

சேரின் வீடு எரிந்த அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியிருக்கும். கொழும்பில் தமிழர் வீடுகள் எரிகின்றன என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. திலகசிறி என்னை வேலைத்தளத்துக்குப் பின்னால் கூட்டிப்போய், இப்போதே கிளம்பு என்றான். சாப்பிட நிற்காதே, கடைவீதியால் போகாதே, மேல் பாதையால் ஏறு. ஏன் என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டே, போ மச்சாங், என்றான். போனேன். மூன்று மணிக்கு லயத்து வாசலில் நின்று பார்த்தபோது கீழே நகரத்தில் நாலைந்து இடத்தில் புகை நின்றது.

"தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சு. அந்தப் புள்ள நல்லா இருக்கணும்யா," என்றாள் அம்மா. அவன் பெயரை என்னிடம் மூன்று தரம் கேட்டுப் பழகி, அந்த வெள்ளிக்கிழமையே தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அவன் பேரில் ஒரு விளக்கு ஏற்றினாள்.

இதோ, அந்த ஓகஸ்ட் காலையில், திறந்த பொனட்டுக்கு அடியில் தலையை நீட்டுகிறேன். சேர் வீட்டு வாசல் சரிவு. கார் எப்போதும் மூக்கைக் கீழே வைத்துத்தான் நிற்கும். பம்பில் குழாயைக் கழற்றினால் போதும், பின்னால் மேட்டிலிருக்கும் டாங்கியிலிருந்து பெட்ரோல் தானாக ஓடி வரும். அப்படித்தான் எடுத்திருந்தார்கள். கழற்றிய நட், பம்பிலேயே, விரலால் திருகி மாட்டியிருந்தது. குழாயின் வாயில் ஒரு கவ்வாத்துக் குச்சி. பென்சில் மாதிரிச் சீவி, அரைத் திருகு திருகி.

நான் அங்கேயே மட்கார்டில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். ஒரு வீட்டைக் கொளுத்த வந்தவன், பெட்ரோல் கானை நிரப்பிவிட்டு, மிச்சம் சிந்தாமல், தூசி போகாமல், நட் தொலையாமல் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டுப் போயிருக்கிறான். அந்தக் காரில்தான் நாங்கள் படித்தோம். அதைக் கொளுத்த அவனுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. காருக்கு இரங்கிய பாவி மனிதருக்கு இரங்கவில்லையே. என்னைப் போ என்று சொன்னானே, சேரிடம் போய் ஒரு வார்த்தை சொன்னானா? படுபாவி என்று வாய்விட்டே திட்டினேன். திட்டிய கையோடு, அந்தக் குச்சியைச் சீவக் கற்றுக்கொடுத்த கை என்னுடையது என்ற நினைப்பு வந்தது. குச்சியைப் பிடுங்கினேன். குழாயிலிருந்து நாலு சொட்டு வந்து நின்றுவிட்டது. டாங்கியில் ஒன்றும் மிச்சமில்லை. குச்சியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முகாமுக்கு நடந்தேன். வழி முழுக்க, சேரிடம் சொல்லிவிட வேண்டும், பொலிசுக்குப் போக வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன்.

"கண்ணாடி மட்டுந்தான் ஒடஞ்சிருக்கு சேர். காரை எரிக்கல."

"பெற்றோல் எடுத்திருக்கிறாங்களோ?"

"ஆமா சேர். எடுத்திருக்காங்க."

சேர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"நாங்கள் ஸக்கியாவின்ர குசினிக்குள்ள இருந்தனாங்கள். மதிலுக்கு அங்கால நடந்தது எல்லாம் கேட்டது, தம்பி. பொனற் ஒரே தரத்தில திறந்தது."

வீட்டைப் பற்றிக் கேட்காமல் காரைப் பற்றிக் கேட்ட காரணம் அப்போதுதான் விளங்கியது.

"கழட்டின நட்டை எங்க வைச்சிருந்தவங்கள்?"

அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்ல? வீடு போனது, சாமான் போனது, பக்கத்திலிருக்கும் மனைவிக்குப் பேச்சுப் போனது. இருபது வருடமாகப் படிப்பித்த பிழைப்பு ஒன்றுதான் மிச்சம், அது என் வாயில் இருந்தது. சட்டைப்பையில் குச்சி நெஞ்சைக் குத்தியது.

"நட்டக் காணோம் சேர். பைப்பப் புடிச்சி இழுத்துப் பிச்சிருக்காங்க. வளஞ்சி போய்க் கெடக்கு."

"பிச்சோ?"

"ஆமா சேர்."

சேர் கண்ணை மூடினார். முகத்தில் இருந்த இறுக்கம் அப்படியே இறங்கியது. "அப்ப எங்கட பெடியள் இல்லை," என்றார். "எங்கட பெடியள் பைப்பைப் பிய்க்க மாட்டாங்கள்." பிறகு, திருத்துவதற்கு வீட்டுக்குக் கொண்டுபோயிருந்த எங்கள் செய்முறைப் புத்தகங்கள் இருபத்துநான்கும் எரிந்துவிட்டனவென்று சொல்லி, அதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் மனைவி தலையைத் தூக்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு நான் முகம் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போய்விட்டார்கள். நான் சொன்ன பொய்யும் அவரோடு பஸ் ஏறிப் போய்விட்டது. இனி யாரிடம் போய் உண்மையைச் சொல்வது? சொன்னால் அது திரும்பி அவர் காதுக்குத்தான் போகும்.

செப்டம்பரில் கல்லூரி திறந்தார்கள். செய்முறைப் புத்தகம் எரிந்ததால் மதிப்பெண் இல்லை. எல்லோருக்கும் புதிதாகச் செய்முறைப் பரீட்சை, பழைய ஜோடியோடு. ஒருவன் பிழைவிட்டால் இரண்டு பேருக்கும் தோல்விதான். திலகசிறி என்னைக் கண்டதும் ஓடிவந்து தோளைப் பிடித்து, அன்றைக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா என்று கேட்டான். ம் என்றேன். சேர் எங்கே என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வீட்டில் அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தால், ஏன் என்று கேட்பாளே.

பரீட்சைக்கு முந்திய வாரம் முழுக்க, கொழுந்து மலைப் பாதையில் இறங்கும்போது, ஒரே ஒரு வசனத்தைச் சிங்களத்தில் சொல்லிச் சொல்லிப் பழகினேன். 'இது சேரின் காரில் இருந்தது.' அவ்வளவுதான். இலக்கணப் பிழை வரக்கூடாது என்று நூறு தரமாவது சொல்லியிருப்பேன். சொன்ன பிறகு என்ன ஆகும் என்றும் தெரியும். அவன் கை நிற்கும், பரீட்சை நிற்கும், என் சான்றிதழ் நிற்கும், மஹ்மூத் நானா வேறு ஆள் பார்ப்பார், அம்மா இன்னும் பத்து வருடம் மலையேறுவாள்.

பரீட்சகர் கொழும்பிலிருந்து வந்தவர். கையில் மட்டையும் பேனாவும் வைத்துக்கொண்டு எங்கள் பின்னால் வந்து நின்றார். எங்களுக்குக் கிடைத்தது ஒரு பழைய ஜீப், பெட்ரோல் பம்பைக் கழற்றிப் பூட்ட வேண்டும். நான் ஸ்பானரைக் கொடுத்தேன், திலகசிறி குழாயைக் கழற்றினான். பெட்ரோல் கொட்டத் தொடங்கியது. அவன் கட்டைவிரலால் குழாய் வாயைப் பொத்திக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே, எப்போதும் போல மற்றக் கையை நீட்டினான். என் பையில் புதுக்குச்சி ஒன்றும் இருந்தது. நான் பழையதை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன்.

கை மூடவில்லை. திலகசிறி திரும்பி அதைப் பார்த்தான். புகை படிந்து ஒரு பக்கம் கறுத்திருந்த குச்சி. சீவல் அவனுடைய சீவல். பிறகு என்னைப் பார்த்தான். பழகிய வசனம் என் தொண்டை வரை வந்தது. பரீட்சகர் பேனாவின் மூடியைக் கழற்றினார். பொத்தியிருந்த விரலுக்கடியால் பெட்ரோல் அவன் மணிக்கட்டில் வழிந்து, சட்டைக் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

நான் குனிந்து அடுத்த ஸ்பானரை எடுத்தேன். நிமிர்ந்தபோது குச்சி குழாய்க்குள் இருந்தது. அவன் அரைத் திருகு திருகினான், நட்டை எடுத்துப் பம்பிலேயே வைத்து விரலால் மாட்டினான். முதல் தரம் நட்டின் புரி பிடிக்கவில்லை. இரண்டாம் தரம்தான் பிடித்தது. பரீட்சகர் நல்லது என்று சொல்லி, குனிந்து குழாயின் வாயைப் பார்த்து, மட்டையில் சரி போட்டார். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.