பதினாறாம் நாளுக்கு முன்

செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் திரும்பிவிடுகிறேன் என்று சொல்லி ஏற்காட்டுக்குப் போன கண்ணம்மாள், புதன்கிழமை விடிந்தும் வேலூருக்கு வந்து சேரவில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று, சேலத்திலிருந்து வந்த பஸ்ஸில் இறங்கியவர்கள் முகத்தையெல்லாம் பார்த்து அலுத்துப்போன வள்ளி, திரும்பிப் போகிற பஸ்ஸில் தானே ஏறிவிட்டாள். ஆஸ்பத்திரியில் கண்ணாடி அறைக்குள் படுத்திருக்கும் புருஷன் சின்னையனிடம் கடைக்குப் போய் வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். மலை ஏறிப் போகிற கடை அது.

சின்னையனுக்கு எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற இடமே கெட்டுப்போயிருந்தது. உடன்பிறந்தவர்கள் எல்லாருக்கும் சோதித்துப் பார்த்ததில் அக்காள் கண்ணம்மாளுடையது மட்டும்தான் ஒத்துப்போனது. எட்டு நாள் மருந்து ஏற்றிக் கெட்டுப்போன ஊற்றை அடியோடு அழித்துவிடுவார்கள். ஒன்பதாம் நாள் அக்காளின் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்துத் தம்பிக்கு ஏற்றுவார்கள். இன்று மருந்துக்கு ஏழாம் நாள். நாளை மதியத்துக்குள் கண்ணம்மாள் வார்டில் வந்து படுத்தாக வேண்டும். அவள் வராவிட்டால் என்ன ஆகும் என்று வள்ளி டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

கண்ணம்மாளுக்கும் டாக்டர் படம் போட்டு விளக்கத்தான் செய்தார். அவளும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்ததும், அவர் என்ன சொன்னார் என்று வள்ளியிடம் கேட்டாள். ரத்தம் கொடுக்கிற மாதிரிதான், ஒன்றும் பயப்பட வேண்டாம் என்று வள்ளி சொல்லிவிட்டாள். மீதியை விழுங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கண்ணம்மாளின் மாமனார் இறந்துபோன செய்தி வந்தபோதாவது வாயைத் திறந்திருக்கலாம். இழவுக்குப் போகிறவளிடம் அதை எப்படிச் சொல்வது என்று அப்போதும் பேசாமல் இருந்துவிட்டாள்.

சேலத்தில் பஸ் மாறினாள். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் முக்கி முக்கி ஏறியபோது, இறங்கித் தள்ளிவிடலாமா என்று இருந்தது அவளுக்கு. ஏற்காட்டில் ஒண்டிக்கடை நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் காத்திருந்து, கண்ணம்மாளின் ஊரான வாழவந்திக்குப் போகிற பஸ்ஸைப் பிடித்தாள். இழவு வீட்டுப் பந்தலை அவள் எட்டும்போது மணி இரண்டு. சேலத்துக்குத் திரும்ப மூன்றரைக்கு ஒரு பஸ் உண்டு.

கண்ணம்மாள் வெளியே வந்தாள். வள்ளி நெருங்கப் போனதும் இரண்டடி பின்வாங்கினாள்.

“கிட்ட வராத கண்ணு. அவனப் பாத்துக்கறவ நீ. கார்டு வந்துச்சா?”

திங்கட்கிழமையே கார்டு எழுதிப் போட்டாளாம். பதினாறாம் நாள் கருமாதி முடிந்து, தலைமுழுகிவிட்டு வந்து ரத்தம் கொடுக்கிறேன், தம்பியிடம் சொல்லு என்று எழுதியிருந்தாளாம். அந்தக் கார்டு எந்தத் தபால் பையில் கிடக்கிறதோ!

“டாக்டரே சொன்னாருல்ல, அழுக்கோட யாரும் அவங்கிட்ட போகப்படாதுன்னு. பூவக்கூட உள்ள உடமாட்டேங்கறாங்க. சாவூட்டுத் தீட்டோட நான் வந்து, அது அவன் ஒடம்புக்குள்ள போலாமா? பன்னெண்டு நாளுதான? பொறுத்துக்கச் சொல்லு.”

கண்ணம்மாள் சொன்னதில் வள்ளியால் ஒரு குற்றமும் காண முடியவில்லை. கையைக் கழுவு, நகத்தை வெட்டு, முகத்தை மூடு என்று ஆஸ்பத்திரியில் சொன்னதையெல்லாம் அவள் ஒழுங்காகக் கேட்டு, தனக்குத் தெரிந்த பெரிய அழுக்கைத் தம்பியிடம் அண்டவிடாமல் காக்கிறாள். தீட்டு பொய் என்று வள்ளியும் நம்பியவள் இல்லை. இவளைக் கூட்டிப்போய் அதனாலேயே ஏதாவது ஆகிவிட்டால்? பயம் இந்தப் பக்கமும் இழுத்தது, அந்தப் பக்கமும் இழுத்தது.

பந்தலில் பங்காளிகள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நங்கையா, நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டனுங்க,” என்றாள் வள்ளி நாத்தனாரிடம். “ரத்தம் குடுக்கறது இல்லீங்க அது. அவரு ஒடம்புல ஊறுறத மருந்து போட்டுக் கொன்னுட்டாங்க. இனி தானா ஊறாது. வெள்ளிக்கிழமை உங்களோடது உள்ள போனாத்தான் அவரு பொழைப்பாரு. பன்னெண்டு நாளெல்லாம் தாங்க மாட்டாருங்க.”

கண்ணம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்ததும், “ஏன் எங்கிட்ட மறைச்ச?” என்று கேட்டாள்.

“பயந்து வராம இருந்துருவீங்களோன்னுதானுங்க.”

அதைக் கேட்டுக் கண்ணம்மாள் அழுதாள். மாமனாருக்காக அழுகிற அழுகை இல்லை இது. என் தம்பிக்கு நான் வர மாட்டேன் என்று நினைத்துவிட்டாயே என்று மட்டும் சொன்னாள்.

மூத்த மருமகள் கருமாதிக்கு முன்னால் எல்லை தாண்டுவதாவது என்று பந்தலில் ஒரு குரல் கிளம்பியது. கண்ணம்மாளின் புருஷன் அங்கப்பன் மொட்டைத் தலையோடு எழுந்தார். தண்ணீர்த் தொட்டியருகே போய், ஒரு குடம் மொண்டு மனைவியின் முன் வைத்தார்.

“ஊத்திட்டுப் பொறப்படு. தப்புன்னா எங்கப்பன் என்னையக் கேட்டுக்கட்டும்.”

மூன்றரை பஸ்ஸை ஓடித்தான் பிடித்தார்கள். ஈரத்தலையோடு கண்ணம்மாள் கடைசி இருக்கையின் ஓரத்தில் ஒண்டினாள். பக்கத்தில் யாரும் உட்காராதபடி பையை வைத்துக்கொண்டாள். வள்ளி அதற்கு முந்தைய இருக்கையில் உட்கார்ந்தாள். ஊர் தாண்டி, காப்பித் தோட்டங்கள் தாண்டி, பஸ் மலை இறங்கத் தொடங்கியது.

“வள்ளி.”

திரும்பினாள்.

“என்னோடது அவனுக்கு ஒத்துக்காமப் போனா?”

ஒத்துக்கொள்ளும், கவலைப்படாதீர்கள் என்ற பதில் நுனி நாக்கில் தயாராக இருந்தது. வள்ளி முன்கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“சில பேருக்கு ஒத்துக்கறதில்லையாமுங்க. அப்படி ஆனா அவரு போயிருவாருங்க, நங்கையா.”

கண்ணம்மாள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இன்னும் ஜன்னலோடு ஒட்டி நகர்ந்து இடம் விட்டாள்.

“இங்க வந்து ஒக்காரு,” என்றாள்.