சாய அண்டாவுக்கு வந்த கேஸ் லைட் வால்வு

சென்னய்யாவுக்குக் கோபம் வந்தால் கை முந்திக்கொள்ளும், புத்தி சாவகாசமாகப் பின்னால் வரும். அன்றும் அப்படித்தான். சாய அண்டாவில் நூல் ஊறிக் கிடந்தபோது அடியில் எரிந்த, காற்றடித்து எரிக்கும் சீமெண்ணெய் அடுப்பு இருமத் தொடங்கியது. பம்பை அடித்தால் கைப்பிடி தானாக மேலே எழும்பியது, ஓரத்தில் சீமெண்ணெய் கசிந்தது. அருப்புக்கோட்டையில் நூலுக்குப் பங்கீடு வந்திருந்த காலம். தண்ணீரின் சூடு இறங்கினால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். அப்புறம் அடுத்த பங்கு வரும்வரை அவனுடைய தறிகள் சும்மா கிடக்க வேண்டியதுதான்.

மனைவி ராமலட்சுமி சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போய்த் தன் தம்பி திம்மையாவை அழைத்து வந்துவிட்டாள். கல்யாண ஊர்வலங்களுக்கு பெட்ரோமாக்ஸ் கேஸ் லைட் வாடகைக்கு விடுகிறவன் அவன். முன்பு நெசவாளி. திம்மையா காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோது, “ஓடாத தறிக்கு நூல் எதுக்கு?” என்று நெசவாளர் சங்கத்தில் எழுந்து நின்று அவன் பங்கை வெட்டியவன் இதே சென்னய்யா. வெட்டிய பங்கு யார் வீட்டுக்கு வந்தது என்று தெருவுக்கே தெரியும். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று.

திம்மையா வாசலில் நின்று தமிழில் கேட்டான். தங்களுக்குள் தெலுங்கு பேசுகிற குடும்பத்தில் அது கன்னத்தில் அறைந்த மாதிரி.

“என்னா மொதலாளி, அடுப்பு எண்ணெயக் கக்குதாமே?”

“நானே பாத்துக்கிறேன்” என்று சென்னய்யா குறடு ஒன்றை எடுத்து பம்பின் மூடியைத் திருகப் போனான்.

“வத்து பாவா!” திம்மையா பாய்ந்து அவன் கையைத் தட்டிவிட்டான். பதறியதில் ‘வேண்டாம் அத்தான்’ என்பது தெலுங்கில் வந்துவிட்டது. “காத்த எறக்காமத் தொறந்தா எண்ணெ பீச்சியடிக்கும். மூஞ்சி வெந்துபோயிரும்.”

சென்னய்யா ஒதுங்கி நின்று பார்த்தான். திம்மையா காற்றை இறக்கித் தீயை அணைத்தான். சூடு போகாமல் அண்டாவைச் சாக்கால் போர்த்தச் சொன்னான். பம்பின் அடியிலிருந்து விரல்நுனி அளவு வால்வைக் கழற்றித் துடைத்து, வாயில் வைத்து உறிஞ்சினான். நல்ல வால்வு என்றால் காற்றை விடாமல் நாக்கைப் பிடித்து இழுக்கும். இது பிடிக்கவில்லை. உள்ளே தக்கை கருகியிருந்தது. கையோடு கொண்டுவந்த கேஸ் லைட்டைப் பிரித்து, அதன் வால்வை உறிஞ்சிப் பார்த்தான். பிடித்தது. அதை அடுப்பில் பூட்டி, காற்றடித்து, திருகுகளைச் சுற்றிச் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே தீப்பெட்டி கேட்டான்.

அடேயப்பா, என்ன கை! இழை அறுந்தால் முடிச்சுத் தெரியாமல் ஒட்டும் நெசவாளியின் கை. இந்தக் கையையா தறியை விட்டு விரட்டினோம் என்று நினைத்தான் சென்னய்யா.

அடுப்பு சீராக இரைந்தது. சாயம் ஏறிய நூல் சிட்டங்களை வெளியே எடுத்து விரித்தார்கள். காற்றுப் பட்டதும் ஒரு திட்டுக்கூட இல்லாமல் நீலம் பூத்தது.

“ஒன் லைட்டு?” என்றான் சென்னய்யா.

“பரளச்சியில நடக்குற கல்யாணத்துல ஒரு லைட்டு கொறையும். போகுது.” திம்மையா கையைத் துடைத்துக்கொண்டான். “இந்த நூலுல எம் பங்கும் இருக்குல்ல பாவா? அது கெட்டுப்போகக் கூடாதுன்னுதான் வந்தேன்.”

சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினான்.

சென்னய்யா சிட்டங்களை இரண்டாகப் பிரித்தான். பெரிய பங்கைத் தோளில் போட்டுக்கொண்டு, நீலத் தண்ணீர் முதுகில் வழிய, மச்சினன் பின்னாலேயே நடந்தான். நெசவாளர் தெரு முழுக்க வாசலுக்கு வந்து பார்த்தது.

“என்னப்பா, ஈர நூலத் தூக்கிட்டு எங்க போற?”

“எம் மச்சினன் நூலு” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான் சென்னய்யா. “நாந்தான் புடுங்கி வச்சிருந்தேன்.”