ஒரு 'எஸ்' குறைந்த நாள்

என்னிடம் மிச்சமிருக்கிற ஆறு பல்லின் மேல் சத்தியம்: கீழே சொல்லியிருப்பதில் ஓர் எழுத்தைக்கூட நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை. குறைத்தவன் ஹோபர்ட்.

விஸ்கான்சினில் டார்சன் கவுன்டி பொருட்காட்சியின் வாசல் பலகைக்கு ஹோபர்ட்தான் பொறுப்பு. பிளாஸ்டிக் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் செருகுகிற பழைய பலகை. பெட்டியில் இருந்த 'எஸ்' மொத்தம் ஆறு. 'சாஸேஜஸ்' என்று எழுதக் கேட்ட இறைச்சிக் கடைக்காரர் ஒருவரே மூன்றைத் தின்றுவிட்டார். பொரித்த சீஸும் பன்றிப் பந்தயமும் மிச்சத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. கடைசி வரியில் 'கிராவல் மூன்ஸ், மாலை நாலு மணி' என்று வரவேண்டியது 'கிராவல் மூன், மாலை நாலு மணி' என்று நின்றது. "ஒரே ஒரு எழுத்து, எவன் பாக்கப்போறான்" என்று ஹோபர்ட் சாப்பிடப் போய்விட்டான்.

கிராவல் மூன்ஸ் என்பது ஆர்வில் ஹாகனின் பாட்டுக் குழு. எழுபத்து நாலில் தொடங்கியது. கிராவல் மூன் என்பது ஒன்பது வருஷம் கழித்து வந்த படம். ஒரு லாரி ஓட்டுநர், ஒரு நாய், நிலா வெளிச்சத்தில் ஒரு சரளைச் சாலை; நாய் சாகும், பின்னணியில் ஒரு பாட்டு வரும், கல்நெஞ்சக்காரனும் மூக்கைச் சிந்துவான். படத்தின் பாட்டுத் தட்டுக்கும் அதே பெயர்தான். அது லட்சக்கணக்கில் விற்றது.

அன்றைக்குப் பிடித்தது ஆர்விலுக்குச் சனி. கடைகளில் அவருடைய ஒரே இசைத்தட்டைப் படப்பாட்டு வரிசையில் கொண்டுபோய் வைத்தார்கள். வாங்கியவர்கள் மறுநாளே திருப்பிக் கொடுத்தார்கள். போதாததற்கு ஒரிகனில் மூன் கிராவல் என்று ஒரு பெண்கள் குழு கிளம்பியது. அவர்களுக்கு வந்த காதல் கடிதமெல்லாம் ஆர்வில் வீட்டுக்கு வந்தது. மரியாதைக்கு இரண்டு வரி பதில் போடப்போய், நெப்ராஸ்காக்காரன் ஒருவன் மோதிரமே அனுப்பிவிட்டான். அதைத் திருப்பி அனுப்புவதற்குள் அவனுடைய அம்மா, வருங்கால மருமகளுக்கு என்று கம்பளிக் காலுறை பின்னி அனுப்பினாள். ஆர்வில் காலுக்கு அது சரியாகத்தான் இருந்தது.

இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது ஒன்றுதான். படம் வந்த வருஷம் பனிக்காலத்தில் உறைந்த ஏரிமேல் மரக் கொட்டகை போட்டு மீன் பிடிக்கப் போன தம்பி லென்னர்ட், பனி உடைந்து கொட்டகையோடு உள்ளே போய்விட்டான். ஆர்வில் அவனுக்காக ஒரு பாட்டுக் கட்டினார். ஏழு நிமிஷப் பாட்டு. தம்பி பெயர் கடைசி அடியில்தான் வரும். முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு மேடையிலும் அந்த அடிக்கு அவர் போய்ச் சேர்ந்ததில்லை. மூன்றாவது நிமிஷத்தில் கூட்டத்தில் ஒரு குரல் எழும்பும்: "யோவ், நாய்ப் பாட்டு போடுய்யா!"

அறுபத்தாறு வயது. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இந்தப் பொருட்காட்சியோடு போதும் என்று முடிவு செய்திருந்தார்.

கச்சேரி, மாடுகளுக்குப் பரிசு கொடுக்கும் கொட்டகையில். ஆர்வில் உள்ளே நுழைந்தால் நானூறு பேர், மடக்கு நாற்காலியோடு, சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன மச்சான் இது, நமக்கா இவ்வளவு கூட்டம்?" என்றார் டிரம் வாசிக்கும் கஸ் பெட்ரிக். ஆர்விலின் தங்கையைக் கட்டியவர்.

"பலகையைப் பாத்தியா? எஸ் இல்ல. படம் பாக்க வந்திருக்காங்க."

"சொல்லிடு."

ஆர்வில் சொல்லிப் பார்த்தார். "ஐயா, அம்மா, இங்க படம் கிடையாது. நாங்க பாட்டுக் குழு."

முன்வரிசையில் சீஸ் பொட்டலத்தோடு இருந்த அம்மாள், "தெரியுதுல்ல, படம் ஓட ஓடப் பக்கத்துல நின்னு நேரா வாசிக்கிறதுதான் இப்போ பாணி. என் தங்கச்சி சிகாகோவுல பாத்தா. நீங்க சுவரை மறைக்காம ஓரமா நில்லுங்க தம்பி" என்றாள்.

"படமே இல்லங்கிறேன்."

"ஆரம்பிச்சாத்தானே வரும்!"

விளக்கம் சொல்லிச் சொல்லியே முக்கால் ஆயுள் போன மனிதர். இன்னொரு தடவை வாய் திறக்கத் தெம்பில்லை. ஓரமாக நின்றார். "தம்பியோட கொட்டகைப் பாட்டு" என்றார் கஸ்ஸிடம்.

"எடுத்ததுமேவா? கத்துவாங்க மச்சான்."

"கத்தட்டும். அப்படியே வீட்டுக்குப் போயிடலாம்."

ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு போயிற்று. மூன்றாவது நிமிஷத்தில் ஆர்விலின் தோள் தானாகவே குறுகியது. யாரும் கத்தவில்லை. கூட்டம் வெற்றுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது. நாலாவது நிமிஷத்தில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவனிடம், "அது ஏரிதானே?" என்றாள். "உஷ்" என்றான் அவன். ஐந்தாவதில் இரண்டு பேர் குளிருகிறது என்று சட்டைப் பொத்தானைப் போட்டார்கள். வெளியே ஆகஸ்ட் வெயில். ஆறாவதில், பாட்டில் பனி விரிசல் விட்டபோது நானூறு நாற்காலிகளும் ஒரு முழம் பின்னால் நகர்ந்தன. 'லென்னர்ட்' என்று ஆர்வில் பாடினார். இன்னொரு தடவை பாடினார். மூக்குச் சிந்தும் சத்தத்தில் கஸ்ஸின் டிரம் காதில் விழவில்லை.

பாட்டு முடிந்தது. கைதட்டல் இல்லை. எல்லாரும் நாற்காலியை மடக்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி வரிசையாக வெளியே போனார்கள். கடைசியாக வந்த கிழவர் ஒருவர் ஆர்விலின் தோளைத் தட்டினார்.

"படம் பிரமாதம் தம்பி. அந்தப் பையன், லென்னர்ட், மனசை விட்டுப் போகமாட்டான். ஆனா ஒண்ணு, தப்பா எடுத்துக்காத. பாட்டைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்."

கஸ் வாயைத் திறந்தார். ஆர்வில் கையைக் காட்டி அடக்கினார்.

"சரிங்க. சொல்லிடறேன்" என்றார்.

கிழவர் போனபிறகு கவிழ்த்து வைத்த வாளி ஒன்றின்மேல் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "தம்பி பேரை ஞாபகம் வெச்சிருக்காருடா" என்றார். "போதும். வண்டியை எடு."

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று: அந்த வருஷம் வெள்ளம் புகுந்து, டார்சன் கவுன்டியில் பொருட்காட்சியே நடக்கவில்லை.