வாசலில் அளந்த பூட்ஸ்

பின்னியதைப் பிரிக்கிற வழக்கமே ஷகர்மோவுக்குக் கிடையாது. இதை அவளே சொல்வாள், கேட்காதவர்களுக்கும் சொல்வாள். பஞ்ச் ஆற்றங்கரையில் இருக்கும் அவள் மலைக்கிராமத்துப் பெண்கள் எல்லோரும் கம்பளிக் காலுறை பின்னுகிறவர்கள்தான். நடந்துகொண்டே பின்னுவார்கள், சண்டை போட்டுக்கொண்டே பின்னுவார்கள். ஆனால் தன் கணக்கு மட்டும் தப்பாது என்பது ஷகர்மோவின் நினைப்பு.

தங்கை ஸைனூராவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், மாப்பிள்ளைக்குத் தரவேண்டிய காலுறையை வேறு யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாள். முழங்கால் வரை ஏறுகிற, பூவேலை போட்ட காலுறை அது. கல்யாணத்தன்று ஊரே பார்க்க மாப்பிள்ளை அதைக் காலில் ஏற்றவேண்டும். அது உட்காருகிற அழகை வைத்துத்தான் பெண் வீட்டைப் பற்றி ஒரு வருஷத்துக்குப் பேச்சு நடக்கும்.

"அக்கா, அவரு கால் அளவக் கேட்டு வாங்கிக்கலாம்ல?" என்றாள் ஸைனூரா.

"கல்யாணத்துக்கு முன்னாடி போயி, காலக் காட்டுங்க மாப்ளன்னு கேக்கச் சொல்றியா? வெக்கங்கெட்டவளே! அளவெல்லாம் அன்னைக்கே எடுத்துட்டேன், பேசாம இரு."

எடுத்த லட்சணம் இதுதான். மாப்பிள்ளை அக்னஸரும் அவன் தாய்மாமன் இமோம்தாதும் பனிக்காலத்தில் பெண் கேட்டு வந்தபோது, வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். எல்லோரும் உப்புப் போட்ட பால் தேநீரில் ரொட்டியைப் பிட்டுப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ஷகர்மோ வெளியே நழுவினாள். மாப்பிள்ளை தன் காலிலிருந்து கழற்றியதாக அவள் பார்த்துவைத்திருந்த பூட்ஸின் அடியில் ஒரு நூலை ஓட்டி, முடிச்சுப் போட்டு, இடுப்பில் செருகிக்கொண்டாள். நல்ல பெரிய கால்தான் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டாள்.

அங்கே விரல் நுனியில் ஆரம்பித்து மேலே ஏறுவதுதான் பின்னல். பாதம் முடிந்து கெண்டைக்கால் வரை போனபிறகு, குதிகாலுக்கு விட்ட வாயைக் கடைசியில் அடைப்பார்கள். பாதம் முடிந்த அன்றே ஸைனூரா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப நீளமா இருக்கேக்கா, அவரு ஒண்ணும் அவ்வளவு பெரிய ஆளு இல்லையே. இப்பவே பிரிச்சா கொஞ்சந்தான் வேலை" என்றாள். ஷகர்மோ வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். பிரிப்பதா, அவளா? அன்றைக்கே பிரித்திருக்கலாம். சிலருக்குப் பட்டால்தான் தெரிகிறது.

கல்யாணத்தன்று வீடு நிறைந்த கூட்டம். அக்னஸர் நடுவில் உட்கார்ந்து காலுறையை ஏற்றினான். ஏற்றினான், ஏற்றினான், விரல் முனை வரவே இல்லை. ஒரு கை அகலத்துக்குக் கம்பளி முன்னால் தொங்கியது.

பக்கத்து வீட்டு தவ்லத்பீபிக்கு அல்வா கிடைத்த மாதிரி ஆயிற்று. "ஏண்டி ஷகர்மோ, இது மாப்ளைக்குப் பின்னுனதா, கழுதைக்குப் பின்னுனதா? உன் கணக்குதான் தப்பாதே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஷகர்மோவுக்குக் காது சுட்டது. அந்த நிமிஷம் தன் மேல் தப்பில்லை என்று காட்டிவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

"என் கணக்கு சரிதான்! பொண்ணு கேக்க வந்தப்ப இவரு கழட்டிப் போட்ட பூட்ஸத்தான் அளந்தேன். குதிகால்ல இரும்புத் தகடு அடிச்ச பூட்ஸ். நான் பொய்யா சொல்றேன்?"

மாப்பிள்ளை பக்கத்தில் ஒரு கிழவர் வெள்ளந்தியாகக் கேட்டார். "தகடு அடிச்சது நம்ம இமோம்தாது பூட்ஸுல்ல? அப்ப இந்தப் பய இரவல் வாங்கி மாட்டிக்கிட்டா பொண்ணு கேக்கப் போனான்?"

சிரிப்பு நின்றது. அக்னஸர் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, தொங்கிய கம்பளியைப் பாதத்துக்கு அடியில் மடித்துவிட்டு, மேளம் கொட்டியதும் எழுந்து ஆடினான். ஆட ஆட அது அவிழ்ந்து தரையில் அடித்தது. ஷகர்மோவால் அதைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

புறப்படும்போது ஸைனூரா முகத்திரைக்குள்ளிருந்து மெல்லச் சொன்னாள். "உன் மானத்தக் காப்பாத்த அவரு மானத்த வாங்கிட்டியேக்கா."

சில நாளில் அந்தக் காலுறை திரும்பி வந்தது. கூடவே முடிச்சுப் போட்ட ஒரு நூல், அக்னஸர் காலின் சரியான அளவு. வேறு ஒரு வார்த்தையும் வரவில்லை. ஷகர்மோ முதல்முறையாகப் பிரிக்க உட்கார்ந்தாள். மேலிருந்து இழுக்க இழுக்கப் பூக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்து, கடைசியில் அந்தப் பாழாய்ப்போன பாதமும் போயிற்று. நெளிந்து கிடந்த நூலை நனைத்து, கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, மறுபடி பின்னினாள். பின்னும்போதெல்லாம் தான் கத்தியதுதான் காதில் கேட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

முடித்ததும் எடுத்துக்கொண்டு போனாள். தங்கை வீட்டு வாசலில் ஒட்டுப்போட்ட பூட்ஸ் ஒரு ஜோடி கிடந்தது. சின்ன பூட்ஸ்தான். இதோடு பெண் கேட்க வர வெட்கப்பட்டுத்தான் மாமனிடம் இரவல் வாங்கியிருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

அக்னஸர் போட்டுப் பார்த்தான். கச்சிதமாக இருந்தது.

"அளவெடுத்து வார்த்த மாதிரி இருக்குக்கா" என்றான். பிறகு கால்விரலை அசைத்துப் பார்த்துக்கொண்டே, "என்ன, இதப் பாக்கத்தான் யாரும் இல்ல" என்று சிரித்தான்.

அவன் குத்திக்காட்டவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. ஊற்றி வைத்த தேநீரைத் தொடாமலே கிளம்பினாள்.

வசந்தம் பிறக்கும் நவ்ரூஸ் பண்டிகைக்கு ஊர் மறுபடி கூடியது. அக்னஸர் புதுக் காலுறையோடு வந்து உட்கார்ந்தான். தவ்லத்பீபி விடுவாளா? "என்ன மாப்ள, கால் வளந்துருச்சா? இல்ல, இதுவும் மாமன் வீட்டு இரவலா?"

ஷகர்மோ எழுந்தாள்.

"அவர ஒண்ணும் சொல்லாத. தப்பு என்னுது. அன்னைக்கு வாசல்ல ரெண்டு ஜோடி பூட்ஸ் கெடந்துச்சு. மாப்ள பூட்ஸ விட்டுட்டு, மாமன் பூட்ஸ அளந்துட்டு வந்துட்டேன். தப்ப ஒத்துக்க வாய் வரல. அவரு தலையில கட்டிட்டேன்."

"எந்த பூட்ஸ் யாருதுன்னுகூடத் தெரியலையா உனக்கு?"

"தெரியல."

"கணக்கு தப்பாதுன்னு தம்பட்டம் அடிச்சியேடி!"

"அடிச்சேன். தப்பிருச்சு."

இமோம்தாத் தாடியைச் சொறிந்தார். "அதானே பாத்தேன். அன்னைக்கு என் பூட்ஸ் ஏன் எடம் மாறிக் கெடந்துச்சுன்னு இப்பல்ல புரியுது!"

வீடே அதிரச் சிரித்தது. இந்த முறை சிரிப்பு முழுக்க ஷகர்மோவைப் பார்த்துத்தான். அவள் முகம் சிவக்க நின்று அதை வாங்கிக்கொண்டாள். ஸைனூரா மட்டும் சிரிக்காமல் அக்காவுக்கு உட்கார இடம் விட்டு நகர்ந்தாள்.

அன்றிலிருந்து ஊரில் ஷகர்மோவுக்கு 'மாமன்பூட்ஸ்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. சின்னப் பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டால், "என்ன?" என்று திரும்பிக் கேட்கிறாள்.